எல்லா லைற்றும் எரிய

ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டு, காரின் இடதுபக்க முன்லைற்றைச் சுற்றியிருந்த வளையத்தைப் பெற்றிசியா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உப்புக்காற்றில் துருவேறி ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் குரல் தாழ்ந்து, ஓய்ந்து, மறுபடியும் எழுந்தது. அவள் ஒரு காலைப் பம்பரில் ஊன்றி இன்னொரு தரம் இழுத்தாள். வளையம் கையோடு வந்தது. கூடவே ஒரு பிடி துருத்தூள் அவளுடைய வெள்ளைச் சேலையில் கொட்டியது.

விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த ஆண்கள் கதையை நிறுத்திவிட்டுக் கார்க் கொட்டில் பக்கம் பார்த்தார்கள். நடுவீட்டில் பெட்டிக்குள் கிடக்கிற மனிதனுடைய பெண்சாதி, அடக்கம் பின்னேரம் என்றிருக்க, பழைய மொறிஸ் மைனரின் முகத்தைக் கழற்றிக்கொண்டு நிற்பதை அவர்கள் இதற்கு முன் கண்டதில்லை.

பிலேந்திரனின் தமக்கை அருள்நாயகி படியிறங்கி வந்தாள்.

"பெற்றிசியா, உள்ளுக்கு வா. சனம் பாக்குது."

"பாக்கட்டும் மச்சாள்."

"தலைமாட்டிலை இருக்கவேண்டியவள் காருக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறாய். என்ரை தம்பி கிடக்கிறது கொட்டிலுக்கையோ?"

"உங்கடை தம்பி உசிரோடை கிடந்ததே இந்தக் கொட்டிலுக்கைதான்."

விறாந்தையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"வெள்ளைச் சேலை. அதைப் பார், என்ன கோலம் எண்டு."

"அந்த டோர்ச்சை ஒருக்கா எடுத்துத் தாங்கோ, மச்சாள்."

அருள்நாயகி தன்னையறியாமல் டோர்ச்சை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டோமே என்ற கோபமும் சேர்ந்துகொள்ள, விறுவிறுவென்று உள்ளே போனாள்.

பிலேந்திரன் முந்தநாள் பின்னேரம் சாய்மனைக்கதிரையில் சாய்ந்தபடியே போய்விட்டார். தேத்தண்ணியோடு வந்த பெற்றிசியா நித்திரையாக்கும் என்று நினைத்துக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். திரும்பி வந்தபோது தேத்தண்ணி ஆறியிருந்தது. அவருடைய கையும் ஆறியிருந்தது. அப்போதிலிருந்து அவள் அழவில்லை. வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் அவளுடைய தோளைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, அந்த அழுகைக்காகக் காத்திருந்தார்கள். வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள் மாதிரி இருந்தது அவளுக்கு. கொடுக்க மனம் வரவில்லை.

காலையில் நடந்ததுதான் அவளைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்து விட்டது. பிலேந்திரனின் தம்பி மரியதாசன், எந்தச் செத்தவீடென்றாலும் ஒழுங்குகளைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறவர், முற்றத்தில் நின்று ஊர்வலத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். முன்னுக்குக் குருசு, பிறகு பாண்ட் வாத்தியம், பிறகு பெட்டி வண்டி, அதற்குப் பின்னால் உரித்துக்காரர்.

"அவரின்ரை கார்?" என்று பெற்றிசியா கேட்டாள்.

"என்ன கார், அண்ணி?"

"பெட்டிக்கு முன்னாலை போறது."

அந்தப் பக்கத்தில் பிலேந்திரனின் மொறிஸ் மைனர் முன்னால் போகாத செத்தவீடு குறைவு. பாண்டுக்குப் பின்னால், பெட்டி வண்டிக்கு முன்னால், ஆள் நடக்கிற வேகத்தில், பட்டப்பகலில் எல்லா லைற்றும் எரிய அது கோயிலுக்கும் அங்கிருந்து சேமக்காலைக்கும் போகும். எதிரே வருகிறவன் பஸ்காரனானாலும் ஒதுங்கி நிற்பான். யார் தொடக்கிய வழக்கம் என்று தெரியாது; ஆனால் அதில் பிலேந்திரனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு லைற் எரியாவிட்டாலும் காரை எடுக்கமாட்டார். பெரிய மீன் முதலாளி ஒருவருடைய பெட்டியை வெயிலில் காக்க வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் பல்ப் வாங்கிவந்து போட்டவர். "செத்தவரை அனுப்புற கார் கண் தெரியாமல் போகக்கூடாது," என்று சொன்னார். முதலாளியின் மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

மரியதாசன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, அந்தக் காரிலை என்ன எரியுது? வயரெல்லாத்தையும் அண்ணன் பிச்சுப்போட்டாரே. நானே கண்டனான், சீற்றுக்குக் கீழை கையை விட்டு என்னத்தையோ இழுத்துக்கொண்டு கிடந்ததை. கடைசியிலை ஆள் சரியில்லைத்தானே."

ஆள் சரியில்லை. கடந்த சில மாதங்களாக அந்தச் சொல் வீட்டைச் சுற்றிவந்தது. தொலைபேசியில் மகன் சொன்னான். வாசலில் நின்று அயலட்டை சொன்னது. இன்றைக்குக் காலையில் மட்டும் எத்தனை பேர் தோளைத் தடவி அதைச் சொல்லிவிட்டார்கள். "நல்லதுக்குத்தான் போயிட்டார், ஆள் சரியில்லாமல் இருந்து கஷ்டப்படாமல்." பொழுதுபட்டதும் அவர் வீட்டு லைற்றுகளை ஒவ்வொன்றாக நூர்த்து, வீட்டை இருட்டாக்கிக்கொண்டு வருவார் என்பது உண்மைதான். "நூருங்கோ, நூருங்கோ," என்று அவளிடம் கெஞ்சுவார். அவள் நூர்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பாள். இருட்டில் அவருடைய மூச்சு மெல்ல மெல்ல இறங்கி வரும். அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் விசர் என்பார்கள்.

மகன் கிளீற்றஸ் வவுனியாவிலிருந்து வந்திருந்தான். அவனும் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, முருங்கனிலை பழைய கார் வாங்குற ஒரு ஆளோடை கதைச்சிட்டன். நாளைக்கு வந்து காரை ஏத்திக்கொண்டு போவான். வயர் முழுக்க உரிச்சுப் புதுசாப் போடவேணும் எண்டு மெக்கானிக்கே சொன்னவர்தானே."

"லைற் எரிஞ்சால்?"

மரியதாசன் சிரித்துவிட்டார். செத்தவீட்டில் சிரிப்பதற்கு அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. "எரிஞ்சால் முன்னுக்கு விடுங்கோ, அண்ணி. நானே குருசைத் தூக்கிக்கொண்டு உங்களுக்கு வழி விடுறன். ஆனால் பாதர் வாறதுக்கு முதல் எரியவேணும். எல்லாம் எரியவேணும்."

"சரி," என்று பெற்றிசியா சொன்னாள். உள்ளே போய் செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தாள்.

முன்லைற்றின் கோளாறு அவளைப் பயப்படுத்தவில்லை. சுவிச்சைப் போட்டால் வலதுபக்கம் நன்றாக எரிந்தது. இடதுபக்கம் அடுப்பில் அணைகிற தணல் மாதிரிச் செம்மஞ்சளாக மங்கிக் கிடந்தது. சிக்னல் போட்டால் அந்த மங்கல் வெளிச்சமும் சேர்ந்து துடித்தது. இது பல்ப் போன கோளாறு இல்லை. பல்ப் போனால் ஒரேயடியாக இருட்டாகிவிடும். லைற்றுக்குப் போகிற கரண்ட் காரின் தகட்டு உடம்பைத் தொட்டுத்தான் பற்றறிக்குத் திரும்பவேண்டும். தொடுகிற இடம் துருவேறிவிட்டால் அது வேறு வழி தேடி, பக்கத்து லைற்றுகளுக்குள்ளால் புகுந்து போகும். எர்த் பிடிக்கேல்லை என்பார் பிலேந்திரன். மன்னாரில் ஓடுகிற கார்களுக்கு முதலில் வருகிற நோய் அதுதான். கடல் எந்தப் பக்கம் இருந்தாலும் அதன் காற்று தகட்டுக்குள் இருக்கும்.

இதையெல்லாம் அவர் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவளுடைய வேலை டோர்ச் பிடிப்பது. கலியாணம் முடித்த நாளிலிருந்து பிடித்தாள். "ஆட்டாதை." "என்ரை கண்ணுக்கையோ அடிக்கிறாய், வயருக்கு அடி." "கையென்ன வாழைத்தண்டோ?" சமையலை விட்டுவிட்டு வந்து, கையில் பிள்ளையோடு வந்து, வயிற்றில் பிள்ளையோடு வந்து பிடித்தாள். ஒருநாளும் ஒரு ஸ்பனரை அவள் கையில் தரவில்லை. அவருடைய கண்ணில் படலம் விழுந்து, அவள் அறுபது வயதில் லைசன்ஸ் எடுத்து, அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகும் பொனற்றைத் திறக்கிற உரிமை அவரிடந்தான் இருந்தது. டோர்ச் பிடிக்கிறவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே அவளும் பார்த்துக்கொண்டுதானே நின்றாள்.

அவள் டோர்ச்சைப் பற்றறியின் மேல் சாய்த்து வைத்தாள். அது ஆடவில்லை. 'இப்ப பாருங்கோ,' என்று மனதுக்குள் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கியது. கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே லைற்றின் பின்னால் கறுப்பு வயர் ஒட்டியிருந்த இடத்தை அரத்தாள் கொண்டு தேய்த்தாள். துரு போய்த் தகட்டின் வெள்ளி தெரியும்வரை தேய்த்தாள். திருகாணியை இறுக்கிவிட்டுச் சுவிச்சைப் போட்டாள்.

இடதுபக்கம் பளிச்சென்று எரிந்தது. விறாந்தையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

"பிழையில்லையே," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. றஊப் நானா நின்றார். வான் ஓட்டுகிறவர். பிலேந்திரனோடு பஸ் ஸ்ராண்டில் ஹயருக்கு ஆள் வரக் காத்து நின்றே வயதானவர். உள்ளே போய்ப் பெட்டியடியில் நின்றுவிட்டு வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. "பிலேந்திரன் கண்டால் எழும்பி வந்திருவான், தங்கச்சி. தன்ரை பொனற்றைப் பொம்பிளை திறந்திட்டாள் எண்டு."

"வரட்டுமே. வந்து பின் லைற்றையும் பாக்கட்டும்."

"அதென்ன?"

"பிரேக் லைற் எரியேல்லை, நானா. ரெண்டு மாசமாச்சு. பாலத்தடியிலை பொலிஸ் மறிச்சுத்தான் எனக்கே தெரியும்."

அன்றைக்குப் பிலேந்திரன் பக்கத்துச் சீற்றில் இருந்தார். பொலிஸ்காரன் சிங்களத்தில் என்னவோ கேட்க, அவர் அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டாதை, போ," என்று குசுகுசுத்தார். வீட்டுக்கு வந்து அவள் மகனிடம் சொன்னாள். அத்தோடு கார் கொட்டிலுக்குள் போனது.

"பல்ப் போயிருக்கும்," என்றார் றஊப். "பழசைத் தூக்கி எறிஞ்சுபோட்டு எல்இடி ஒண்டு மாட்டுவம். என்ரை வானிலை கிடக்கு."

"ரெண்டு பல்பும் ஒரே நேரத்திலை போகுமோ?"

"பியூஸ்?"

அவள் எட்டி வைப்பர் சுவிச்சைப் போட்டாள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கறகறவென்று அசைந்தது. "இதுவும் அந்தப் பியூஸிலைதான். இது வேலை செய்யுது."

றஊப் வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி. நான் என்ன செய்யவேணும்?"

"ஏறி இருந்து பிரேக்கை மிதியுங்கோ."

அவளிடம் பிலேந்திரனின் டெஸ்ட் பல்ப் இருந்தது. ஒரு சின்ன பல்பும் அதிலிருந்து போகிற இரண்டு வயரும். ஒன்றைக் காரின் தகட்டில் கொழுவி, மற்றதைச் சந்தேகமான இடத்தில் தொட்டால், கரண்ட் அங்கே வந்திருந்தால் பல்ப் எரியும். பின்னுக்குப் போய் டிக்கியைத் திறந்து, பிரேக் லைற்றுக்கு வருகிற வயரில் வைத்தாள். றஊப் மிதித்தார். இருட்டு. இரண்டு பக்கமும் இருட்டு.

ஒரு சாக்கை விரித்து, காருக்குக் கீழே சரிந்து படுத்தாள். செபம் சொல்லும் குரல்கள் சட்டென்று நின்றன. ஜன்னலில் முகங்கள் வந்துவிட்டன என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. மண்ணில் தலையை வைத்தபடி, பெடல் போய் முட்டுகிற இடத்துச் சுவிச்சில் வயரைத் தொட்டாள்.

"மிதியுங்கோ."

டெஸ்ட் பல்ப் எரிந்தது.

அவள் கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தாள். இங்கே கரண்ட் இருக்கிறது. பின்னால் இல்லை. இடையில் எங்கோ அது நின்றுவிடுகிறது. மரியதாசன் சொன்னது சரியாகிவிடுமோ என்ற பயம் அப்போதுதான் முதல்முறை வந்தது. சீற்றுக்குக் கீழே கையை விட்டு இழுத்துக்கொண்டு கிடந்தவர். பிய்த்துப்போட்ட வயர்கள் கையில் அகப்பட்டால் அவள் அதை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கொட்டிலை மூடிவிட்டு, கைகழுவி, தலைமாட்டில் போய் உட்கார இன்னும் நேரம் இருந்தது. இத்தோடு விட்டால் ஒன்றும் நிச்சயமாகாது; மரியதாசன் சொன்னதைச் சொல்லிக்கொண்டு திரியலாம், அவள் நம்பாமல் இருக்கலாம்.

அவள் எழும்பி வந்து முன்கதவைத் திறந்தாள். "இறங்குங்கோ, நானா."

கிளீற்றஸ் கொட்டில் வாசலுக்கு வந்துவிட்டான். "அம்மா, காணும், விடுங்கோ. பாதர் வெளிக்கிட்டிட்டாராம். பெரியப்பாவின்ரை ஆக்கள், அத்தை, எல்லாரும் கேக்கினம். அப்பாவை அனுப்புற நேரத்திலை ஏன் எங்களைச் சிரிக்க வைக்கிறீங்கள்?"

"டோர்ச்சை எடு."

"அம்மா."

"எடுத்து இதுக்குள்ளை பிடி. ஆட்டாமல் பிடி."

அந்தக் குரல் அவளுடையது இல்லை. அவனுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். டோர்ச்சை எடுத்தான்.

அவள் றப்பர் விரிப்பைப் புரட்டினாள். காரோடு வந்த வயர்கள் துணி சுற்றியவை. எண்ணெய் பட்டுக் கறுத்து, நரம்புகள் மாதிரித் தரையோரமாக ஓடின. அதில் பச்சை நிறத்தில் ஒன்று பாதி வழியில் வெட்டப்பட்டிருந்தது. றஊப் நாக்கை 'த்சு' என்று கொட்டினார். கிளீற்றஸின் கையில் டோர்ச் தளர்ந்தது.

"ஆட்டாதை எண்டனெல்லோ."

வெட்டிய முனையில் இன்சுலேஷன் ரேப் சுற்றியிருந்தது. பழைய ரேப், பிசின் காய்ந்து கல்லாகிவிட்டது. அதிலிருந்து சிவப்பு நிறத்தில் வேறொரு வயர் தொடங்கியது. வீடுகளுக்குப் போடுகிற வயர். ஒழுங்காக, தளர்வில்லாமல், ஆணிக்கு ஆணி கட்டி, அது ஓட்டுபவரின் சீற்றுக்குக் கீழே போய் மறைந்தது. இது பிய்த்த கை இல்லை. ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்த கை. அவள் கையை உள்ளே விட்டாள். சிலந்தி வலை, மணல், பிறகு வழவழவென்று குளிர்ந்த ஏதோ ஒன்று. வட்டமாக, நடுவில் ஒரு சின்னக் குமிழோடு. வீட்டுச் சுவரில் இருக்கிற பழைய கறுப்புச் சுவிச்.

அவளுடைய விரல் அதில் நின்றுவிட்டது.

சண்டைக்குத் தப்பி மடுக் கோயிலுக்கு ஓடின வருசம். அப்போது அவர்கள் இருந்தது அடம்பனில். பெற்றோல் கிடைக்காமல் காரை மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். மேலிருந்து சுடுகிற ஆமி ஹெலி வருகிற சத்தம் கேட்டால் எந்த வாகனமும் வெளிச்சம் காட்டக்கூடாது. முன்லைற்றைப் போடாமல் விடலாம்; ஆனால் பிரேக்கை மிதித்தால் பின்னுக்குச் சிவப்பு எரிந்துவிடும், வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது போதும். சுவரிலிருந்த சுவிச்சைக் கழற்றிக் காருக்குள் பொருத்தினார் பிலேந்திரன். அவள்தான் டோர்ச் பிடித்தாள், சேலைத் தலைப்பால் வெளிச்சத்தை மூடிக்கொண்டு. அந்த இரவு பிள்ளைகளையும் அருள்நாயகியின் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையால் போனார்கள். ரோட்டுத் தெரியவில்லை. பெற்றிசியா இறங்கி, வெள்ளைத் துவாய் ஒன்றை முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு அவர் பின்னால் ஓட்டிவந்தார். அவள் நின்றால் அவர் நிற்பார். ஒரு தடவையும் பின்னால் சிவப்பு எரியவில்லை.

பிறகு சண்டை முடிந்தது. சுவிச் பிரேக் லைற் எரிகிற பக்கம் தட்டிவிட்டபடி அங்கேயே கிடந்தது. அவள் அதை மறந்துபோனாள். அவர் மறக்கவில்லை. கோப்பையின் பெயரையும் பேரப்பிள்ளைகளின் பெயரையும் மறந்த பிறகும் மறக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் கொட்டிலுக்குள் வந்து, சீற்றுக்குக் கீழே கையை விட்டு, அதை நூர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்னம்மா?" என்று கிளீற்றஸ் கேட்டான். முழங்காலில் நின்று, டோர்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அந்த இரவு முழுக்க அந்தச் சீற்றுக்குப் பின்னால் தரையில் படுக்க வைக்கப்பட்டிருந்தவன்.

"இதைத் தொடக்கூடாது எண்டு அப்பா எனக்கு அடிச்சவர்," என்றான்.

"உன்ரை சித்தப்பாவைக் கூப்பிடு."

மரியதாசன் வந்தார். பின்னால் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். பெற்றிசியா ஒரு பக்கமாக விலகி, டோர்ச்சை வாங்கி, அவருக்கு அந்த இடத்தைக் காட்டினாள். "நீங்கள் கண்டது இதைத்தான். உங்கடை அண்ணன் ஒரு வயரையும் பிய்க்கேல்லை."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் காலத்துச் சுவிச்," என்றார். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "எண்டாலும் அண்ணி, இந்தக் காலத்திலை ஹெலி எங்கை? அதை நூக்கிறதெண்டால் ஆள்..."

"ஆள்?"

அவர் மூக்குக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்கோ தம்பி. ரெண்டு நாளாச் சொல்லிக்கொண்டுதானே திரியிறீங்கள். எங்களைக் காப்பாத்தின வேலையை ஒரு மனிசன் கடைசிவரை மறக்கேல்லை. அதுக்குப் பேர் என்னெண்டு சொல்லுங்கோ, நானும் கேக்கிறன்."

தெருவில் ஒரு கழுதை வந்து, பந்தல் காலில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. றஊப் நானா தொண்டையைச் செருமினார். "நான் ஏறி மிதிக்கட்டே, தங்கச்சி?"

"ஓம், மிதியுங்கோ."

அவள் கையை விட்டுச் சுவிச்சைத் தட்டினாள். அது இறுகியிருந்தது, இரண்டாம் தரம் தட்ட 'டக்' என்றது. அவள் எழும்பிப் பார்க்கவில்லை. கொட்டிலின் பின்சுவர் சிவந்ததை மற்றவர்களுடைய முகங்களிலிருந்து தெரிந்துகொண்டாள்.

கோயில் மணி விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கியது.

பெட்டியை மூடுகிற நேரம் வந்தபோதுதான் அவள் உள்ளே போனாள். கையைக் கழுவியும் விரலோரங்களில் கறுப்புப் போகவில்லை. அவருடைய நெற்றியில் அந்த விரல்களை வைத்தாள். மெல்லிய கறை ஒன்று ஒட்டிக்கொண்டது. அருள்நாயகி கைலேஞ்சியை நீட்டினாள், துடைக்கச் சொல்லி. பெற்றிசியா வாங்கவில்லை. அருள்நாயகி அந்தக் கைலேஞ்சியால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சேலையை மாத்து பிள்ளை," என்றாள். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"இது காணும் மச்சாள்."

வெளியே மரியதாசன் குருசைத் தூக்கிக்கொண்டு நின்றார். காலையில் சொன்ன வார்த்தையை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை, அவராகவே குருசை வாங்கிக்கொண்டார். பாண்ட்காரர் துக்கப் பாட்டைத் தொடங்கினார்கள். பெற்றிசியா மொறிஸ் மைனரின் கதவைத் திறந்து ஏறினாள். சாவியைத் திருப்பினாள், கார் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டாள். மறுபக்கக் கதவைத் திறந்து கிளீற்றஸ் ஏறினான்.

"நீ பெட்டி வண்டியிலை எல்லோ போறதெண்டு?"

"இதிலை வாறன்."

"முருங்கன் ஆளுக்கு என்ன சொன்னனீ?"

அவன் சேர்ட் பைக்குள்ளிருந்து போனை எடுத்து, பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். "வரவேண்டாம் எண்டிட்டன்."

ஊர்வலம் குறுகிய ஒழுங்கை முடிந்து பெரிய ரோட்டில் ஏறியது. வெயில் இன்னும் தணியவில்லை. கடைக்காரர்கள் பாதிக் கதவை இழுத்துவிட்டு வெளியே வந்து நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். தலைமன்னார் பஸ் ஒன்று எதிரே வந்து, அந்த இரண்டு லைற்றையும் கண்டு, மணலுக்குள் சில்லை இறக்கி நின்றது. பெற்றிசியா யாரையும் பார்க்கவில்லை. கிளச்சை அரைவாசி மிதித்து, ஆள் நடக்கிற வேகத்தில் காரை விட்டாள்.

ரோட்டோர ஆமி முகாமின் வாசலில், வாகை மரங்களின் நிழலில், காவலுக்கு ஒரு இளம் சிப்பாய் நின்றான். சாவீடு என்று கண்டு நிமிர்ந்து நின்றான். பிறகு அவனுடைய கண் காரில் விழுந்தது. நல்ல மனதோடு, ஒரு கையை உயர்த்தி, விரல்களைக் குவித்தும் விரித்தும் காட்டினான்.

"லைற் எரியுதாம். நூக்கச் சொல்லுறான்," என்றான் கிளீற்றஸ்.

"ஓம்."

அவள் அந்தப் பையனுடைய முகத்தை ஒருமுறை பார்த்தாள். மகனுடைய பிள்ளைகளைவிடச் சில வயதுதான் மூப்பு இருக்கும். அவள் பிரேக்கை மிதித்தாள்.

கார் முகாம் வாசலில் நின்றது. பின்னால் பெட்டி வண்டியும், இடிக்கிறமாதிரி வந்து, நின்றது. அதற்குப் பின்னால் சனமெல்லாம் நின்றது. பாண்ட்காரர் கொஞ்சத் தூரம் போய், பின்னால் ஒருவரும் வரவில்லை என்று கண்டு, பாட்டை இடையில் விட்டார்கள். நிழலுக்குள், கண்ணாடியில், பெட்டி வண்டியின் முகப்பில், காட்டுப் பாதையில் அன்று எரியாத இரண்டு சிவப்பு வெளிச்சம் விழுந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. சிப்பாயின் கை பாதியில் நின்றது. அவன் அதைக் கீழே இறக்கினான்.

முன்னால் மரியதாசன் குருசோடு திரும்பி நின்று, வாங்கோ, வாங்கோ என்று கையைக் காட்டினார்.

பெற்றிசியா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.